துஷானி தையல் பழகுகிறாள்

என் கணவர் பாலேந்திரனிடம் ஒரு சட்டம் இருக்கிறது. வெளிநாட்டுக்குப் போகிற காரியம் என்றால், விமானத்தின் சில்லு தரையை விட்டு எழும்பும்வரை ஒரு குஞ்சு குருமானுக்கும் தெரியக்கூடாது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதாம். இவருடைய தமையன் ஒரு கலியாண வீட்டுப் பந்தியில் இருந்துகொண்டு மகனின் கனடாப் பயணத்தைப் பற்றிச் சொன்னாராம். அடுத்த கிழமையே விசா இல்லையென்று வந்துவிட்டதாம். பெடியன் பொய்க் கடிதம் வைத்துப் பிடிபட்டான் என்பது எங்கள் இனசனம் முழுவதற்கும் தெரியும். ஆனால் இவரைப் பொறுத்தவரை அது பந்தியில் இருந்த யாரோ ஒருவரின் கண்.

கண்டி மாநகரசபையில் தண்ணீர்ப் பகுதியில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்த மனிதர் இப்படிக் கதைக்கிறார். நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். எனக்கு எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

எங்களுக்கு ஒரே மகள், துஷானி. பேராதனையில் பொறியியல் முடித்தவள். அணை, வாய்க்கால், வெள்ளம் என்றால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். ஜெர்மனியில் ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நீரியல் மேற்படிப்பு இருக்கிறது, படிப்புக்குக் கட்டணமே இல்லை என்று ஒருநாள் கண்டுபிடித்துக்கொண்டு வந்தாள். இவர் மூக்கைச் சுளித்தார்.

"சும்மா குடுக்கிற படிப்பிலை என்ன இருக்கும்?"

"ஏன், நீங்கள் காசு கட்டியோ படிச்சனீங்கள்? நான் படிச்சதும் சும்மா, இவள் பேராதனையிலை படிச்சதும் சும்மா. பேய்க்கதை கதையாதேங்கோ" என்றேன்.

பதில் இல்லாத இடத்தில் சட்டம் போடுவது இவருடைய பழக்கம். "சரி, போடட்டும். ஆனா ஒருத்தரிட்டையும் மூச்சு விடக்கூடாது" என்றார். துஷானி தலையாட்டினாள். அந்தப் படிப்புக்கு வருடத்தில் ஒருமுறைதான் ஆள் எடுப்பார்கள். இந்த முறை தவறினால், கொழும்பில் ஒரு கட்டட நிறுவனத்தில் சேருவதாக அவள் சொல்லி வைத்திருந்தாள். மாடிக் கட்டடங்களுக்குக் கழிவறைக் குழாய் கீறுகிற வேலை. அணை கட்ட ஆசைப்பட்ட பிள்ளை. அதை அவள் சொன்னபோது முகத்தில் ஒரு களை இல்லை.

நாங்கள் இருப்பது ஹந்தானை ஏற்றத்தில் ஒரு ஒழுங்கை. எங்கள் மதிலோடு ஒட்டிய வீடு ரத்தினம்மாவுடையது. மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கண்டி நகரத்தில் சொந்தமாகப் பலசரக்குக் கடை போட்ட மனுசி. கடைக்குச் சாமான் எடுக்கத் தானே வேன் ஓட்டுகிறவர். துஷானி ஜெர்மன் மொழி வகுப்புக்குப் போகத் தொடங்கிய மூன்றாம் சனிக்கிழமை, மதிலுக்கு மேலால் தலையை நீட்டினார்.

"புள்ள சனிக்கிழமையானா எங்க டீச்சர் போகுது, பேக்க மாட்டிக்கிட்டு?"

நான் வாயைத் திறக்கமுன்பே எனக்குப் பின்னாலிருந்து இவருடைய குரல் வந்தது. "தையல் வகுப்புக்கு!"

நாலு வருடம் பொறியியல் படித்த பிள்ளை தையல் வகுப்புக்குப் போகிறதாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், இதை எப்படி மறைப்பது என்று நான் பதைத்துக்கொண்டு நின்றேன். ரத்தினம்மாவுக்கோ ஒரு சந்தேகமும் இல்லை. "நல்லதுங்க சார். எவ்வளவு படிச்சாலும் கையில ஒரு தொழில் இருக்கணும்" என்றார்.

அடுத்த கிழமை சட்டைத் துணியோடு வந்து நின்றார். "புள்ள கையால எனக்கு ஒண்ணு தச்சுக் குடுக்கட்டும்."

துஷானிக்கு ஊசியில் நூல் கோக்கவே வராது. பொத்தான் கழன்றால் ஊக்கு குத்திக்கொண்டு திரிவாள். என்ன செய்வது? துணியைக் குடைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு நான் நகரத்துத் தையற்கடைக்குப் போனேன். தையற்காரர் அருமையாகத் தைத்துக் கொடுத்தார். அதுதான் பிழையாய்ப் போயிற்று. ரத்தினம்மா போட்டுப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் கைவைத்தார். பிறகு இன்னொரு துணி வந்தது. பிறகு மடுல்கெல்லையிலிருந்து அவருடைய நாத்தனாரின் துணி, நாத்தனாரின் சம்பந்தியின் துணி. தையற்கடையில் எனக்கென்று ஒரு கதிரை போட்டு வைக்கிற அளவுக்கு நான் போய்வந்தேன். பள்ளிக்கூடத்துப் பயிற்சிக் கொப்பிகளை அந்தக் கதிரையில் இருந்துதான் திருத்தினேன்.

இது போதாதென்று துஷானி வீட்டில் ஜெர்மனை உரத்துச் சொல்லிப் பாடமாக்குவாள். தொண்டையிலிருந்து காறி எடுக்கிற மாதிரியான சத்தங்கள் அந்த மொழியில் நிறைய. மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்டுவிட்டது. அன்று பின்னேரமே ரத்தினம்மா ஒரு கேத்தல் நிறையக் கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்துக்கொண்டு வந்தார். "புள்ளைக்குச் சளி நெஞ்சுல கட்டிருச்சு டீச்சர். குடிக்கச் சொல்லுங்க." அவருக்கு முன்னாலேயே துஷானி ஒரு கோப்பை குடிக்க வேண்டியதாய்ப் போயிற்று. அதன்பிறகு கிழமைக்கு ஒருமுறை கேத்தல் வந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. இவரிடம் சொன்னால், "பாத்தியே, ஒருத்தருக்கும் தெரியாது" என்று பெருமைப்பட்டார்.

இவர் உண்மையில் பயந்தது ரத்தினம்மாவுக்கு இல்லை, தன் ஒன்றுவிட்ட அண்ணர் மயில்வாகனத்துக்கு. கண்டியில் உள்ள யாழ்ப்பாணத்து வீடுகளில் இன்றைக்கு என்ன கறி என்பதுவரை அந்த மனுசனுக்குத் தெரியும். ஒருமுறை குரலை மாற்றி, வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி, நாங்கள் வீட்டை விற்கப்போகிறோமா என்று தொலைபேசியில் விசாரித்தவர். அன்றிலிருந்து வீட்டுத் தொலைபேசியை இவர்தான் எடுப்பார். எடுத்தால் ஒரு பொலிஸ்காரர் போல நிமிர்ந்து நின்றுதான் கதைப்பார்.

விண்ணப்பத்தின் கடைசி நாளும் ஒரு சனிக்கிழமையாக வந்து வாய்த்தது. காலையிலிருந்தே மழை. துஷானி எல்லாம் ஏற்றி முடித்திருந்தாள். பாக்கி இருந்தது ஒன்றுதான், பேராதனையில் அவளுக்குப் படிப்பித்த பேராசிரியர் நபீலின் சிபாரிசுக் கடிதம். அதை அவரே நேரடியாகப் பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தில் ஏற்ற வேண்டும். அது ஏறினால்தான் இவள் கடைசிப் பொத்தானை அமத்தலாம். "சேர் கட்டாயம் போடுவார் அம்மா, எழுதி வைச்சிட்டாராம்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனாள். வகுப்பில் கைத்தொலைபேசியை நிறுத்தி வைக்க வேண்டும்.

பதினொரு மணிபோல வீட்டுத் தொலைபேசி அடித்தது. நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். இவர் எடுத்துக் கதைத்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு குசினி வாசலில் வந்து நின்றார்.

"தவமணி, இண்டைக்கு ஒரு ஆள் என்ரை வாயைப் பிடுங்கப் பாத்தது. மகள் ஜெர்மனிக்குப் போறது உறுதிதானே எண்டு கேக்குது. நான் விடுவனோ? ஜெர்மனியோ, அதெங்கை கிடக்கு எண்டு கேட்டன். பிள்ளை தையல் பழகுது, கலியாணம் பேசி முடிஞ்சுது, இனி இந்தப் பக்கம் எடுக்காதேங்கோ எண்டு சொல்லி வைச்சிட்டன்."

"ஆர் அது?"

"வேறை ஆர்? மயில்வாகனம் அண்ணைதான். இந்தமுறை சோனக ஆக்கள் கதைக்கிற மாதிரிக் குரலை மாத்தி... கெட்டிக்காரன்தான்."

முஸ்லிம்களின் பேச்சு என்றபோதும் எனக்கு அப்போது ஒன்றும் பொறி தட்டவில்லை. மழை, தேங்காய், அடுப்பில் பருப்பு.

துஷானி நனைந்து போய் வந்தாள். தலையைத் துவட்டாமலே மடிகணினியைத் திறந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். மூடித் திறந்தாள்.

"சேரின்ரை கடிதம் ஏறேல்லை அம்மா. அவரின்ரை போனும் வேலை செய்யேல்லை. காலமை எனக்கு எடுத்திருக்கிறார். கெம்பஸிலை இருந்து வீட்டுக்கு ஆரும் எடுத்தவையோ? வீட்டு நம்பரும் நான் குடுத்தனான்."

இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சோற்றுக் கை வாய்க்குப் போகிற வழியில் நின்றுவிட்டது.

நான் இவருடைய முகத்தைப் பார்த்தேன். அந்த முகமே போதும், வேறு சாட்சி தேவையில்லை. எனக்குக் கோபம் உள்ளங்காலில் இருந்து ஏறியது. "சிவ சிவா! மனுசன் பெத்த பிள்ளையின்ரை தலையிலை மண்ணை அள்ளிப் போட்டிட்டுது! ஊர்க்கண் ஊர்க்கண் எண்டு, உங்கடை வாயை விடப் பெரிய கண் இந்த உலகத்திலை இருக்கோ?" அகப்பையால் மேசையில் ஓங்கி அடித்தேன். பருப்புக் கறி இவருடைய சேட்டில் தெறித்தது. துடைக்கக்கூட இவருக்குத் தெரியவில்லை.

துஷானி கத்தவில்லை. கதிரையில் இருந்து, "பரவாயில்லை அப்பா" என்றாள். அவள் கத்தியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

அவளுடைய சிநேகிதி சிந்துஜாவுக்கு எடுத்துக் கேட்டோம். பேராசிரியர் மாணவர்களை விக்டோரியா அணை பார்க்கக் கூட்டிப்போயிருக்கிறாராம். தெல்தெனியவில் ஒரு அரசாங்க விடுதியில் தங்கல், மழைக்கு அங்கே தொலைபேசித் தொடர்பு அறுந்து அறுந்து வருகிறதாம். போய்ப் பிடிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. எங்களிடம் இருப்பது ஒரு மோட்டார் சைக்கிள். வாடகைக் காருக்குப் போட்டால், முகூர்த்த நாள், ஒன்றும் கிடைக்கவில்லை. ஒழுங்கைக்கு வந்தேன். ரத்தினம்மா வேனிலிருந்து மூட்டை இறக்கப் போய்க்கொண்டிருந்தார்.

"ரத்தினம்மா, அவசரமாத் தெல்தெனியவுக்குப் போகவேணும்."

"ஐயோ, என்ன டீச்சர்? யாருக்கும் சொகமில்லையா?"

"இல்லையில்லை" என்று பின்னாலிருந்து இவர் ஓடிவந்தார். "தையல் மெசின் ஒண்டு விலைக்கு இருக்காம், அதுதான்—"

"வாயை மூடுங்கோ!"

நான் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. திறக்கட்டும் என்று விட்டேன். நட்ட நடு மழையில் நின்று ஜெர்மனி, பல்கலைக்கழகம், கடிதம், காலையில் வந்த தொலைபேசி, எல்லாவற்றையும் ரத்தினம்மாவிடம் கொட்டினேன். அவர் முகத்தில் வந்த மழைத் தண்ணீரைக்கூடத் துடைக்காமல் கேட்டார். பிறகு ஒரே ஒரு சொல் சொன்னார்.

"ஏறுங்க."

முன்னுக்கு நானும் துஷானியும். இவருக்குப் பின்னால் செத்தல் மிளகாய் மூட்டைக்கு மேல்தான் இடம். தென்னகும்புரப் பாலம் தாண்டும்வரை ரத்தினம்மா வைப்பர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். பாலம் தாண்டியபின்,

"நான் கண்ணு வச்சிருவேன்னு நெனச்சீங்களா டீச்சர்?" என்றார்.

நான் நனைந்த சேலைத் தலைப்பைப் பிழிந்தேன்.

"எங்க ஆளுக தோட்ட வேலைக்குக் கப்பல்ல வந்து எறங்குனதோட சரி. எங்க பக்கத்துல இருந்து ஒருத்தரும் படிக்கன்னு வெளிநாடு போனதில்ல. பக்கத்து வீட்டுப் புள்ள போகுதுன்னா கடைக்கு வாற நாலு பேருகிட்டப் பெருமையாச் சொல்லியிருப்பேன். அதுக்குப் போயி என்னைய..." கியரை மாற்றினார்.

"அப்பிடி இல்லை ரத்தினம்மா" என்று பின்னாலிருந்து இவர் தொடங்கினார். "உங்களை நினைச்சு இல்லை... பொதுவாத்தான்..." அதற்குமேல் முடியவில்லை. ஒரே தும்மல்.

"நீங்க பேசாதீங்க சார். மொளகா மேல உக்காந்திருக்கீங்க. வாயத் தொறந்தா உள்ள போயிரும்."

துஷானிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு முதல் தரமாக அவள் சிரித்தாள். "ஆன்ட்டி, உங்கட சட்டை ஒண்டுமே நான் தைச்சது இல்லை" என்றாள்.

"அது மொதச் சட்டையிலயே தெரியும்டி. அந்தக் கைவெட்டு நம்ம டவுன் டெய்லரோடது. உனக்குத் தைக்க வரல, டீச்சர் வெக்கப்பட்டு மறைக்கிறாங்கன்னு நெனச்சேன். சரி, புள்ள பழகட்டும், விட்டுறக் கூடாதுன்னுதான் மறுபடி மறுபடி துணி குடுத்தேன்."

எனக்கு அந்தக் கதிரை ஞாபகம் வந்தது, திருத்திய கொப்பிகள் ஞாபகம் வந்தன. வேனுக்குள் மூஞ்சியை எங்கே வைப்பதென்று தெரியாமல் வெளியே திகன ஊரின் கடைகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

விடுதி விறாந்தையில் பேராசிரியர் நபீல் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார். துஷானியைக் கண்டதும் எழும்பிவிட்டார்.

"என்ன மகள், இங்க? ஒங்களுக்குக் கலியாணம் எண்டாங்க?"

"இல்லை சேர், அது..."

"காலைல ஒங்கட ஊட்டுக்கு எடுத்தேன். கடிதம் ரெடி. அனுப்ப முந்தி ஒருக்கா உறுதிப்படுத்துவோம் எண்டு. யாரோ ஒரு மனுசன் எடுத்தாரு. எரிஞ்சு உழுந்தாரு! இந்தப் புள்ள தையல் படிக்கிதாம், இனிப் படிப்பெல்லாம் இல்லையாம். எனக்குக் கைகால் ஓடல்ல. என்ட வகுப்புல இப்படி ஒரு புள்ளய நான் கண்டதில்ல. அதப் புடிச்சி ஊட்டுக்குள்ள போடுற ஆளுகளும் இந்தக் காலத்துல ஈக்கிறாங்களே எண்டு சோறே எறங்கல்ல. யாரு மகள் அந்த மனுசன்?"

எல்லோரும் இவரைப் பார்த்தோம். இவருடைய கண் இரண்டும் மிளகாயில் சிவந்து, மூக்கால் கண்ணால் ஒழுகிக்கொண்டிருந்தது. சேட்டில் பருப்பு.

"அந்த மனுசன் நான்தான் சேர்" என்றார்.

பேராசிரியர் அந்தக் கண்ணீரைப் பார்த்து இளகிப்போனார். "சரி சரி, அழாதீங்க. மனசு மாறினீங்களே, அதுவே பெரிசு" என்று இவருடைய தோளைத் தட்டினார். இல்லை, அது மிளகாய் என்று சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. ரத்தினம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மறுபக்கம் திரும்பினார்.

கடிதம் அவருடைய கணினியில் இருந்தது, ஆனால் விடுதியில் இணையம் இல்லை. மேட்டு வளைவில் நின்றால் கொஞ்சம் பிடிக்கும் என்று காவலாளி சொன்னார். பேராசிரியரையும் ஏற்றிக்கொண்டு வளைவுக்குப் போனோம். வேனின் பின்கதவைத் திறந்து, மூட்டைக்கு மேல் கணினியை வைத்தோம். தொலைபேசியை வெளியே உயர்த்திப் பிடிக்க ஒரு ஆள் தேவை. இவர் கேட்காமலே மழைக்குள் இறங்கினார்.

"இன்னும் தூக்குங்க சார்!" என்றார் ரத்தினம்மா.

தூக்கினார். திரையில் அந்த வட்டம் சுற்றியது, நின்றது, சுற்றியது. கை கடுத்து மற்றக் கைக்கு மாற்றினால் தொடர்பு அறுந்தது. "அசையாதேங்கோ அப்பா!" என்று துஷானி கத்தினாள். ஒற்றைக் கையை வானத்துக்கு நீட்டியபடி, மழை முகத்தில் ஊற்ற, இந்த மனிதர் அசையாமல் நின்றார். போகிற பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். ஐம்பது பேராவது பார்த்திருப்பார்கள். இவர் கையை இறக்கவில்லை. எனக்கு மத்தியானத்திலிருந்து இருந்த கோபம் அந்த இடத்தில் போய்விட்டது, சத்தியமாக.

கடிதம் ஏறியது. துஷானி தன் பக்கத்தைத் திறந்து, கடைசிப் பொத்தானை அமத்தினாள். "போட்டுது" என்றாள். ரத்தினம்மா அவளுடைய தலையில் கை வைத்து நெட்டி முறித்தார்.

பிறகு ஒரு மாதத்துக்கு மேல் ஜெர்மனியிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் முழுகிக்கொண்டிருந்தேன். வெளியே ஒரே கூச்சல். யாருக்கோ என்னவோ என்று, சேலையை அள்ளி உடுத்து, ஈரத் தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தேன். இவர் சாரத்தோடு, காலில் செருப்புக்கூட இல்லாமல், ரத்தினம்மாவின் படலையில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"ரத்தினம்மா! கிடைச்சிட்டுது! பிள்ளைக்கு ஜெர்மனி கிடைச்சிட்டுது!"

ஒழுங்கையில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. மயில்வாகனம் அண்ணைக்கும் இவரே எடுத்துச் சொல்லி முடித்துவிட்டாராம். ரத்தினம்மா துஷானியைக் கட்டிப்பிடித்து, கொஞ்சி, விட்டு, திரும்பவும் கட்டிப்பிடித்தார். பெற்ற தாய் எனக்குத்தான் கடைசியில் தெரிகிறது! இந்த மனிதரை இன்றைக்கு விடுவதில்லை என்று சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினேன்.

"புள்ள எப்ப டீச்சர் போகுது?" என்று ரத்தினம்மா என்னிடம் கேட்டார்.

"செப்டெம்பர் கடைசியிலை" என்று துஷானி சொன்னாள்.

இத்தனை மாதமும் இவள் போகப்போகிறாள் என்பதை ஊரிடமிருந்து மறைப்பதிலேயே நான் குறியாக இருந்திருக்கிறேன். இவள் போய்விடுவாள் என்று ஒருநாள்கூட இருந்து யோசித்ததில்லை. எங்களுக்கு இருப்பது இந்த ஒரு பிள்ளை. இவரை ஏசுவதற்கென்று வாயைத் திறந்தேன். ஒழுங்கை முழுவதும் பார்த்துக்கொண்டு நிற்க, ஈரத் தலையோடு நடுவீதியில் நின்று அழுதேன்.